வாடகைக்கிருப்பவருக்கு இலவச சட்டத்தரணி: நியூயோர்க் நகரத்தின் கணக்கு

வாடகைப் பாக்கி வைத்திருக்கும் ஒருவரை வெளியேற்ற வீட்டுச் சொந்தக்காரர் வழக்குத் தொடர்கிறார். தனது சல்லியைச் செலவு செய்து சட்டத்தரணி ஒருவரையும் அமர்த்துகிறார். எதிரே நிற்கும் பாக்கிக்காரருக்கோ, அவர் வருமானம் குறைந்தவராக இருந்தால், நகர நிர்வாகமே வரிப்பணத்திலிருந்து சட்டத்தரணி ஒருவரைக் கொடுக்கிறது. அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் 2017ஆம் ஆண்டு இதற்கான சட்டம் வந்தது. புறக்கோட்டை நண்பர்கள் சிலரிடம் இதைச் சொன்னபோது, "இது என்ன நியாயம்?" என்றார் ஒருவர். "நியாயம் இருக்கட்டும், இதற்கு யார் சல்லி கட்டுவது?" என்றார் மற்றவர். இரண்டாவது கேள்வி நமது பக்கத்துக்கு உரியது என்பதால் அதிலிருந்தே இவ்வாரம் பேசலாம் என எண்ணினேன்.

நான் இரண்டு பக்கத்திலும் நிற்பவன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எனது கடை வாடகைக் கடை. எனது வீட்டின் மேல்மாடியோ வாடகைக்குக் கொடுக்கப்பட்டது. ஆகவே வாடகை கொடுப்பவனின் கவலையும் தெரியும், மாதம் முடிந்தும் வாடகை வராதபோது ஏற்படும் எரிச்சலும் தெரியும்.

குற்றவியல் வழக்கொன்றில் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சட்டத்தரணி வைக்க வசதியில்லாவிட்டால் அரசு ஒருவரைக் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 1963ஆம் ஆண்டு கிடியன் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் குடியியல் வழக்குகளுக்கு அத்தகைய பொது உரிமை அங்கே கிடையாது. கடையில் சிறு பொருள் ஒன்றைத் திருடியதற்காகச் சிறை செல்லக்கூடியவருக்கு இலவசமாகச் சட்டத்தரணி உண்டு. மூன்று பிள்ளைகளோடு தெருவில் நிற்கப் போகும் தாய்க்கு இல்லை. நீண்ட காலம் அங்கிருந்த நிலைமை இதுதான்.

இதன் விளைவு நியூயோர்க்கின் வீடமைப்பு நீதிமன்றத்தில் வெளிப்படையாகத் தெரிந்தது. 2013ஆம் ஆண்டளவில் அங்கு வழக்காடிய வாடகைக் குடியிருப்பாளர்களில் சட்டத்தரணியோடு வந்தவர்கள் ஏறத்தாழ ஒரு வீதத்தினர் மாத்திரமே. வீட்டுச் சொந்தக்காரர்களில் 90 வீதத்துக்கும் அதிகமானோர் சட்டத்தரணியோடு வந்தனர். வழக்குகளில் பெரும்பாலானவை நீதிபதியின் முன் விசாரிக்கப்பட்டு முடியவில்லை. நீதிமன்றத்தின் நடைபாதையிலேயே முடிந்தன. சொந்தக்காரரின் சட்டத்தரணி கையில் கோவைக் கட்டோடு வந்து பெயரைக் கூப்பிடுவார். இன்ன தொகையை இன்ன திகதிக்குள் கட்டுகிறேன், தவறினால் வெளியேறுகிறேன் என்று எழுதப்பட்ட தாளை நீட்டுவார். பயத்திலும் அவசரத்திலும் அந்த மனிதர் ஒப்பமிடுவார். அதில் எழுதப்பட்ட தொகை சரிதானா என்று பார்க்கக்கூட அவருக்குத் தெரியாது. அந்த ஒப்பந்தம் பின்னர் நீதிமன்றக் கட்டளையாகிவிடும்.

இப்படியே போய்க்கொண்டிருந்த நிலையில், குடியிருப்பாளர் சங்கங்களும் இலவச சட்ட உதவி நிறுவனங்களும் சில ஆண்டுகள் விடாமல் போராடின. மார்க் லெவின், வனெசா கிப்சன் என்ற இரு நகர சபை உறுப்பினர்கள் சட்டமூலத்தைக் கொண்டுவந்தனர். மேயர் பில் டி பிளாசியோ 2017 ஆகஸ்ட் 11ஆம் திகதி அதில் ஒப்பமிட்டார். அமெரிக்காவில் இவ்வாறான உரிமையைச் சட்டமாக்கிய முதல் நகரம் நியூயோர்க்தான். சில தபால் வட்டாரங்களில் ஆரம்பித்து ஐந்தாண்டுகளில் நகரம் முழுவதற்கும் விரிப்பது திட்டமாக இருந்தது. கொவிட் தொற்றின் பின்னர் 2021இல் அந்தப் படிமுறையை நிறுத்தி, எல்லா வட்டாரங்களுக்கும் ஒரேயடியாக விரித்தார்கள்.

அரசாங்கத்தின் வறுமைக் கோட்டு வருமானத்தின் இரு மடங்குக்கு மேற்படாத குடும்பங்களுக்கு முழுமையாக வழக்காடச் சட்டத்தரணி கிடைப்பார். 2024ஆம் ஆண்டின் கணக்குப்படி நால்வர் கொண்ட குடும்பத்துக்கு இது வருடத்துக்கு 62,400 டொலர். நமக்குப் பெரிய தொகையாகத் தெரியலாம். நியூயோர்க்கின் வாடகையைக் கட்டிவிட்டு எஞ்சுவதைப் பார்த்தால் பெரிதல்ல. அதற்கு மேல் வருமானமுள்ளவர்களுக்கு ஆலோசனை மட்டும் உண்டு. குடிவரவு நிலை பார்க்கப்படுவதில்லை. ஸ்டேட்டன் ஐலண்டில், குறிப்பாக டொம்கின்ஸ்வில் பகுதியில், இலங்கையர் கணிசமாக வசிக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரிந்ததே. உறவினர் அங்கிருப்பவர்கள் இந்த விபரத்தை அவர்களுக்கும் சொல்லி வைக்கலாம்.

சட்டத்தரணிகள் நகர ஊழியர்கள் அல்லர். நகர நிர்வாகம் தனது சிவில் நீதி அலுவலகத்தின் மூலம் இலவச சட்ட உதவி நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்து அவற்றுக்குப் பணம் கொடுக்கிறது.

இனி, அந்தச் சட்டத்தரணி அப்படி என்னதான் செய்கிறார்? பாக்கி பாக்கிதானே என்று கேட்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாக வாசிக்க வேண்டும்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். மாத வாடகை 1,500 டொலர். நான்கு மாதப் பாக்கி. அப்படியென்றால் 6,000. சொந்தக்காரரின் கடிதத்தில் 7,400 என்றிருக்கிறது. கேட்டால் தாமதக் கட்டணம், சட்டத்தரணிச் செலவு என்பார்கள். 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூயோர்க் மாநிலம் இயற்றிய சட்டத்தின்படி, குடியிருப்பு வாடகைப் பாக்கி வழக்கில் வாடகையை மட்டும்தான் கேட்கலாம், மற்றக் கட்டணங்களைச் சேர்க்க முடியாது. ஆகவே 1,400 டொலர் முதலாவது தவணையிலேயே போய்விடும். அடுத்து, வழக்குக்கு முன் 14 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் வாடகை கேட்கப்பட்டதா என்று பார்ப்பார். கேட்கப்படாவிட்டால் வழக்கே நிற்காது. பின்னர் வீட்டின் நிலைமைக்கு வருவார். குளிர்காலத்தில் வெப்பமூட்டி வேலை செய்யவில்லை, கூரை ஒழுகுகிறது, எலித்தொல்லை என்றால், வீடு வாழத்தக்கதாக இருக்க வேண்டும் என்ற கடமையைச் சொந்தக்காரர் மீறியிருக்கிறார் என வாதிட்டு வாடகையில் ஒரு பகுதியைக் குறைக்கலாம். இந்தக் கடமை 1975இலிருந்தே அம்மாநிலச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் சட்டத்தில் இருப்பது நடைபாதையில் நின்ற மனிதருக்குத் தெரிந்திருக்கவில்லை.

வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வீடுகள் நியூயோர்க்கில் ஏறத்தாழ 10 இலட்சம் உண்டு. அவற்றின் வாடகை வரலாறு மாநில அலுவலகத்தில் பதிவில் இருக்கிறது. சட்டத்தரணி அதைத் தருவித்துப் பார்ப்பார். சட்டப்படி 1,200 வாங்க வேண்டிய இடத்தில் 1,500 வாங்கப்பட்டிருந்தால், பாக்கிக்காரர் யார் என்பதே தலைகீழாக மாறிவிடும்.

இவ்வளவும் கழிந்த பின்னும் நியாயமான பாக்கி ஒன்று எஞ்சும். அதிகமான வழக்குகளில் எஞ்சத்தான் செய்யும். இங்கேதான் வியாபாரிகளான நாம் கவனிக்கத் தவறும் விடயம் இருக்கிறது. அந்த எஞ்சிய பாக்கியைக் கட்டுவதற்கு வழி தேடுவதும் அதே சட்டத்தரணிதான். நகர நிர்வாகத்தில் அவசர வாடகை உதவி ஒன்று உண்டு. அது ஒரே தடவையில் கொடுக்கப்படும், சில வேளைகளில் பின்னர் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். அதற்கு விண்ணப்பம், சம்பளப் பத்திரம், இனிமேல் வாடகை கட்ட முடியும் என்பதற்கான அத்தாட்சி என்று பல தாள்கள் வேண்டும். தனியாளாக இதில் அலைந்து களைத்துப்போகிறவர்கள் அதிகம். சட்டத்தரணியோ அவரது உதவியாளரோ கூட இருந்தால் காரியம் நடக்கும். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விசாரணைக்கு முன் முழு வாடகையையும் கொண்டுவந்தால் சொந்தக்காரர் அதை ஏற்றே ஆக வேண்டும், வழக்கும் முடிந்துவிடும். அதாவது சொந்தக்காரருக்கு அவரது வாடகை கையில் கிடைக்கிறது. வெளியேற்றினாலோ வீடுதான் கிடைக்கும், பழைய பாக்கி பெரும்பாலும் வராது. வெறுங்கையோடு போனவரிடம் தீர்ப்பை வைத்துக்கொண்டு எதை அறவிடுவது?

இப்போது செலவுக் கணக்கு. சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது வருடத்துக்கு 155 மில்லியன் டொலர் செலவாகும் என்று நகர நிர்வாகம் 2017இல் மதிப்பிட்டது. சட்டம் வருவதற்கு முன்னர், 2016இல், நியூயோர்க் நகர சட்டத்தரணிகள் சங்கத்துக்காக ஸ்டவுட் என்ற நிதி ஆலோசனை நிறுவனம் தயாரித்த அறிக்கை இன்னும் கூடுதலாக 199 மில்லியன் என்று கணித்திருந்தது. எதிர்ப்பக்கத்தில் அது எழுதிய மிச்சம் என்ன தெரியுமா? வீடிழந்த குடும்பங்களைத் தங்குமிடங்களில் வைத்துப் பராமரிக்கும் செலவில் 251 மில்லியன். குறைந்த வாடகை வீடுகள் கைநழுவிப் போகாமல் காப்பதால் 259 மில்லியன். தெருவில் வாழ்பவர்களுக்கான செலவில் 9 மில்லியன். கூட்டிக் கழித்தால் வருடத்துக்கு 320 மில்லியன் டொலர் இலாபம்.

ஐந்தொகை பார்த்துப் பழகியவர்கள் இதை அப்படியே விழுங்க மாட்டார்கள், நானும் விழுங்கவில்லை. இது முன்கூட்டிய மதிப்பீடு. 259 மில்லியன் என்பது கையில் எண்ணிப் பார்க்கக்கூடிய பணமல்ல. ஆனால் முதலாவது இலக்கத்துக்கு வலுவான அடிப்படை உண்டு. வீடில்லாமல் வருபவருக்குத் தங்குமிடம் கொடுக்கும் கடமையை 1981ஆம் ஆண்டின் நீதிமன்ற இணக்கம் ஒன்றின் மூலம் நியூயோர்க் நகரம் ஏற்றுக்கொண்டது. ஆகவே ஒரு குடும்பத்தை இன்று வெளியேற்றினால் நாளை அதற்கான பட்டியல் நகரத்தின் கணக்கிலேயே விழும். நோய்க்கு மருந்து வாங்குவதைவிடத் தடுப்பது மலிவு என்ற கணக்கு அங்கே பொருந்துவதற்குக் காரணம் அதுதான். அப்படியான கடமை இல்லாத நாட்டில் இதே அறிக்கையை எடுத்துக் காட்டிவிட்டு, அரசுக்கு இலாபம் என்று சொல்வது சரிவராது. வெளியேற்றத்தின் செலவு அங்கேயும் இருக்கிறது, உறவினர் வீட்டிலும், பாடசாலையை விட்டு நின்ற பிள்ளையின் தலையிலும் விழுந்து கணக்கில் வராமல் போகிறது.

பயன் கிடைத்ததா? மன்ஹாட்டன் நீதிமன்றத்தில் நடத்தப்பட்டு 2001இல் வெளிவந்த ஆய்வொன்றில், சீட்டுக் குலுக்குவதுபோல் தெரிவுசெய்து சிலருக்குச் சட்டத்தரணி கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. கொடுக்கப்பட்டவர்களில் 22 வீதத்தினருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. கொடுக்கப்படாதவர்களில் 51 வீதம். மசசூசெட்ஸ் மாநிலத்தின் குயின்சி நீதிமன்றத்தில் நடந்த இதுபோன்ற ஆய்வில், முழுமையான சட்ட உதவி கிடைத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வீட்டைத் தக்கவைத்தார்கள், மற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே. ஆனால் அதே ஆய்வாளர்கள் அதே மாநிலத்தின் வேறொரு நீதிமன்றத்தில் பார்த்தபோது குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. அங்கே மற்றத் தரப்பினருக்கும் அன்றைய தினத்துக்கு உதவும் சட்டத்தரணிகள் இருந்தார்கள். நீதிமன்றம் ஏற்கெனவே ஓரளவு உதவும் இடத்தில் கூடுதல் உதவியின் பலன் குறைவு என்று இதை நான் விளங்கிக்கொள்கிறேன்.

நியூயோர்க்கில் 2017 சட்டத்தின் கீழ் சட்டத்தரணி கிடைத்த குடும்பங்களில் 84 வீதமானவை வீட்டிலேயே தொடர்ந்து இருந்ததாக நகர நிர்வாகத்தின் அறிக்கைகள் கூறின. 2013இல் ஏறத்தாழ 29,000ஆக இருந்த வெளியேற்றங்கள் 2019இல் ஏறத்தாழ 17,000ஆகக் குறைந்தன. முழுப் பெருமையும் இந்தச் சட்டத்துக்கே என்று சொல்ல முடியாது. 2017க்கு முன்னரே சட்ட உதவிக்கான நிதியை நகரம் கூட்டியிருந்தது. 2019இல் மாநிலச் சட்டமும் இறுகியது.

சொந்தக்காரர்களின் முறைப்பாடும் வெறும் புலம்பலல்ல. வழக்கு நீள்கிறது. ஐம்பது மாடிக் கட்டடம் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு ஆறு மாதத் தாமதம் ஒரு கணக்குப் பிழைக்குச் சமம். மேல்மாடியை மட்டும் வாடகைக்கு விட்டு அந்த வருமானத்தில் வங்கிக் கடன் கட்டும் ஓய்வூதியக்காரருக்கு அது கழுத்தில் விழும் கயிறு. வருமானம் குறைந்த குடியிருப்பாளருக்கு உதவி உண்டு, வருமானம் குறைந்த சொந்தக்காரருக்கு ஏன் இல்லை என்று அவர் கேட்டால் பதில் சொல்வது கடினம். என் அபிப்பிராயத்தில் இந்தச் சட்டத்தின் பலவீனமான இடம் இதுதான்.

இன்னொரு பலவீனம் ஆட்பற்றாக்குறை. கொவிட் காலத்தில் வெளியேற்றங்களுக்குப் போடப்பட்ட தடை 2022 ஜனவரி 15ஆம் திகதி முடிந்ததும் வழக்குகள் வெள்ளம்போல் வந்தன. சட்ட உதவி நிறுவனங்களிடம் அத்தனை பேர் இல்லை. சம்பளம் குறைவு, வேலைப்பளு அதிகம் என்பதால் இருந்தவர்களும் விலகினார்கள். சில வட்டாரங்களில் புதிய வழக்குகளை எடுக்க முடியாது என்று நிறுவனங்களே கைவிரித்தன. உரிமை சட்டத்தில் இருந்தும், தகுதியுள்ள பெருந்தொகையானோர் மீண்டும் தனியாக நீதிபதி முன் நின்றார்கள். களஞ்சியத்தில் சரக்கில்லாமல் ஓடர் எடுத்த கதைதான்.

இவ்வளவுக்கும் பிறகும் மற்ற நகரங்கள் பின்வாங்கவில்லை. சான் பிரான்சிஸ்கோ 2018இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம், வருமானமே பார்க்காமல், இந்த உரிமையைக் கொடுத்தது. நியூவார்க், கிளீவ்லாந்து, பிலடெல்பியா, பல்டிமோர் என்று வரிசை நீண்டது. 2021இல் வொஷிங்டன் முதல் மாநிலமாகவும், அதே ஆண்டில் மேரிலாந்தும் கனெக்டிகட்டும் அதனைத் தொடர்ந்தும் சட்டமியற்றின.

கடைக்காரர்கள் கேட்பார்கள்: கடைக்கும் இது உண்டா? இல்லை. நியூயோர்க்கின் 2017 சட்டம் குடியிருப்புக்கு மட்டுமே. கடை வாடகைக்கு அங்கே 1945 முதல் 1963 வரை கட்டுப்பாடு இருந்தது, அதன் பிறகு இல்லை. குத்தகை முடிந்த அன்று சொந்தக்காரர் வாடகையை இரண்டு மடங்காக்கினாலும் கேட்க ஆளில்லை. இருபது வருடம் உழைத்துச் சேர்த்த வாடிக்கையாளர் கூட்டம் கடையோடு போய்விடும். ஆனாலும் 2018இல் சிறு வியாபாரிகளுக்கென நகர நிர்வாகம் இலவச சட்ட உதவித் திட்டமொன்றை ஆரம்பித்தது. குத்தகையில் கைச்சாத்திடுவதற்கு முன் அதை வாசித்துப் பார்ப்பது, புதுப்பிக்கும்போது பேசிக் கொடுப்பது, தொல்லை கொடுக்கும் சொந்தக்காரரைச் சமாளிப்பது என்பன அதன் வேலைகள். இது உரிமையல்ல, நிதி இருக்கும்வரை கிடைக்கும் சேவை. ஆனால் கைச்சாத்திடும் முன்பே சட்டத்தரணி பார்ப்பது என்ற அந்த ஒரு விடயம், வழக்கு வந்த பின் கிடைக்கும் பத்துச் சட்டத்தரணிகளைவிடப் பெறுமதியானது என்பேன்.

நமது நாட்டில் இதற்குக் கிட்டிய ஏற்பாடு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு. கொழும்பு புதுக்கடையிலும், நாடெங்கும் நீதிமன்றங்களை அண்டியும் அதன் நிலையங்கள் இருக்கின்றன. வருமானத்தைப் பார்த்து, உதவி பெறத் தகுதியானவர் என்று கண்டால், குடியியல் வழக்குகளுக்கும் சட்டத்தரணியைக் கொடுக்கிறார்கள். நியூயோர்க்கோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இதுதான்: அங்கே வெளியேற்ற வழக்கை எதிர்நோக்குபவரின் உரிமை என்று சட்டம் எழுதியிருக்கிறது. இங்கே தேடிப்போய் விண்ணப்பித்துப் பெற வேண்டிய உதவி. தேடிப்போக வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது.

தெரிந்திருக்க வேண்டிய அவசியம் அண்மையில் கூடியிருக்கிறது. குத்தகைக்குக் கொடுத்த இடத்தின் உடைமையை மீளப் பெறுவதற்கென 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆண்டுக்கணக்கில் இழுபட்ட வழக்குகளுக்குப் பதிலாகச் சொந்தக்காரர் விரைவாக நீதிமன்றக் கட்டளை பெறுவதற்கான வழி அது. மேல்மாடியை வாடகைக்கு விட்டவன் என்ற முறையில் அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நடைமுறை விரைவாகும்போது அறிவித்தல் கிடைத்தவருக்குச் சிந்திக்கக் கிடைக்கும் நாட்களும் குறைகின்றன. முன்னர் மெதுவாக ஆளைத் தேடலாம் என்றிருந்தவருக்கு இப்போது அந்த ஆறுதல் இல்லை.

ஆகவே கடைக்கோ வீட்டுக்கோ வெளியேறும்படி அறிவித்தல் வந்தால் அன்றைக்கே செய்ய வேண்டியது, அது கிடைத்த திகதியைக் கடித உறையிலேயே எழுதி வைப்பது. பிறகு குத்தகை உறுதி அல்லது ஒப்பந்தத்தின் பிரதி, வாடகைப் பற்றுச்சீட்டுகள், வங்கியில் கட்டியிருந்தால் அதற்கான சிட்டைகள், முற்பணம் கொடுத்ததற்கான எழுத்து, மின்சார, நீர்ப் பட்டியல்கள், தேசிய அடையாள அட்டை ஆகியவற்றை ஒரு கோவையில் போட்டுக்கொண்டு சட்டத்தரணியிடம் போங்கள். வசதி இல்லாதவர் வருமானத்தை உறுதிப்படுத்தும் கடிதத்தை கிராம உத்தியோகத்தரிடம் பெற்றுக்கொண்டு பக்கத்து நீதிமன்றத்தை அண்டியுள்ள சட்ட உதவி நிலையத்துக்குப் போகலாம். பற்றுச்சீட்டு வாங்காமல் கைக்குக் கை வாடகை கொடுத்து வருபவர்கள் நம்மிடையே நிறையப் பேர். நம்பிக்கையில் கொடுத்தேன் என்பார்கள். அடுத்த மாத வாடகையிலிருந்தாவது ஒரு கொப்பியில் திகதியும் தொகையும் எழுதி, வாங்கியவரின் ஒப்பத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். சொந்தக்காரர் மாமா முறையானவராக இருந்தாலும் சரி.